ஊர்க் கல்லூரியும் கடல் கடந்த கிளைகளும்: பழைய மாணவர் சங்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறிய கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு இன்று கொழும்பிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ, சிட்னியிலோ வாழ்பவர்கள் பழைய மாணவர் சங்கக் கிளையொன்றில் சேரும்போதும் புதிதாகத் தொடங்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். பல ஆண்டுகள் இத்தகைய சங்கங்களின் கூட்டங்களில் இருந்தும் கணக்கேடுகளைப் பார்த்தும் உருவான கருத்துகள் இவை. எல்லோரும் இவற்றை ஏற்க வேண்டும் என்பதில்லை.

சிறிய கல்லூரி என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்ற பெயரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் பாடசாலைகளே. முதலாம் தரத்திலிருந்தோ ஆறாம் தரத்திலிருந்தோ தொடங்கி க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரம் அல்லது உயர்தரம் வரை அங்கே கற்பிக்கப்படுகிறது. நகரத்தின் பெரிய கல்லூரிகளுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மாலைநேர விருந்திலேயே பெருந்தொகை சேர்த்துவிடுவார்கள். நான் மனத்தில் வைத்து எழுதுவது வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளின் ஊர்க் கல்லூரிகளை. அயலில் உள்ள சில கிராமங்களின் பிள்ளைகளை நம்பி அவை இயங்குகின்றன. அவற்றின் கிளைகளும் சிறியவை. ஒரு நகரத்தில் உறுப்பினர் நாற்பது பேர் இருந்தாலே பெரிய கிளை என்று சொல்லலாம்.

ஒரே கல்லூரிக்கு ஏன் இத்தனை நகரங்களில் கிளைகள்?

பழைய மாணவர்கள் போன வழியெல்லாம் கிளைகள் முளைத்தன. அரசாங்க உத்தியோகம் தேடிக் கொழும்புக்குப் போனவர்களுக்கு அங்கே கூடிப் பேச ஓர் இடம் தேவைப்பட்டது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் எழுத்தர் பணியிலும் இருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் பணம் அனுப்பியிருக்கிறார்கள். 1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர் ஏற்பட்ட பெரும் புலம்பெயர்வு இலண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ, சிட்னி, மெல்பேண் என்று இந்த வலையை விரித்தது.

தொலைவிலிருந்து கல்லூரி ஒன்றைத் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினறி என்ற உயர்கல்விக் கூடம் 1855இல் மூடப்பட்டது. அது மூடப்பட்ட பின்னர் 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதற்கான நிதியைப் பராமரிக்கும் பொறுப்பாளர் சபை கடலுக்கு அப்பால் பொஸ்ரன் நகரில் இருந்தது. ஊரில் நிர்வாகமும் தொலைவில் நிதியும் இருக்கும்போது எழும் சிக்கல்கள் அனைத்தும் அன்றே தொடங்கிவிட்டன: யார் முடிவெடுப்பது, யார் கணக்குக் காட்டுவது, தொலைவில் இருப்பவருக்கு ஊரின் தேவை எப்படித் தெரியும் என்ற கேள்விகள் இன்றைய கிளைக் கூட்டங்களிலும் ஒலிக்கின்றன.

தாய்ச்சங்கத்துக்கும் கிளைகளுக்கும் இடையே என்ன உறவு இருக்க வேண்டும்?

கல்லூரி இருக்கும் ஊரில் இயங்குவது தாய்ச்சங்கம். வழக்கமாக அதிபரே அதன் போசகராகவோ தலைவராகவோ இருப்பார். கிளைகள் அந்தந்த நாட்டின் சட்டப்படி தனித்தனி அமைப்புகள். தமக்கென யாப்பும் (அமைப்பு விதிகளும்), நிர்வாகக் குழுவும், வங்கிக் கணக்கும் உடையவை. எனவே தாய்ச்சங்கம் கிளைக்குக் கட்டளையிட முடியாது. அதேபோல், கூடுதலாகப் பணம் அனுப்புகிறோம் என்ற காரணத்தால் ஒரு கிளை கல்லூரியின் அன்றாட நிர்வாகத்துக்குள் நுழையவும் கூடாது. ஆசிரியர் இடமாற்றத்திலும், மாணவத் தலைவர் தெரிவிலும், அதிபர் நியமனத்திலும் வெளிநாட்டுக் கிளைகள் தலையிட்ட இடங்களில் எல்லாம் கல்லூரிதான் துன்பப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் நன்றாக இயங்கும் ஏற்பாடு எளிமையானது. ஆண்டின் தொடக்கத்தில் அதிபரும் தாய்ச்சங்கமும் சேர்ந்து தேவைப் பட்டியல் ஒன்றை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். எந்தக் கிளை எதை ஏற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கிறார்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் ஒரே கல்லூரிக்கு மூன்று கிளைகள் மூன்று ஒளியெறிகருவிகளை அனுப்ப, கழிப்பறைக்கு நீர்த்தாங்கி வாங்க யாரும் இல்லாமல் போகிறது.

அரசாங்கம் நடத்தும் பாடசாலைக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் மிசனரிமாரும் சைவ சபைகளும் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கைக்குக் கொண்டுசென்றன. சில பாடசாலைகள் மட்டும், மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்ற நிபந்தனையோடு தனியாக நின்றன. கையேற்புக்கு முன்னர் ஒரு கல்லூரிக்கு ஏதும் குறை என்றால் முகாமையாளரும் ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பு. அதன் பின்னர் அந்தப் பொறுப்பு கல்வித் திணைக்களத்துக்குப் போனது. ஊருக்கும் கல்லூரிக்கும் இருந்த பிணைப்பைப் பழைய மாணவர் சங்கங்களே பெருமளவில் காத்தன.

அரசு தருவதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆசிரியர் சம்பளம், 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி ஆகியவை ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் 1987இல் மாகாணசபை முறை வந்த பின்னர், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனையவை மாகாணத்தின் கீழும் வந்தன. ஊர்க் கல்லூரிகளில் மிகப் பல மாகாணத்தின் கீழ் உள்ளவை. அவற்றின் ஆய்வுகூட இரசாயனங்கள், நூலகத்துக்கான புதிய நூல்கள், இல்ல மெய்வல்லுநர் போட்டிச் செலவு, நகல் எடுக்கும் இயந்திரத்துக்கான மை, உடைந்த கதிரை மேசை திருத்தும் கூலி போன்றவற்றுக்கு ஒதுக்கீடு போதுவதில்லை. போதுமானதாக இருந்தாலும் உரிய நேரத்தில் வருவதில்லை. அரசின் கடமையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடமையை நினைவூட்டி எழுதும் கடிதத்தில் கொழும்புக் கிளையின் கையொப்பம் இருப்பது எந்த நன்கொடைக்கும் குறைந்ததல்ல. ஆனால் கடிதத்துக்குப் பதில் வரும்வரை இந்த ஆண்டின் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு அவர்கள் வேறு வகுப்பில் இருப்பார்கள்.

அனுப்பும் பணம் எந்த வழியில் போக வேண்டும்?

தனிநபரின் வங்கிக் கணக்குக்கு ஒருபோதும் போகக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவர் ஆனாலும், நமக்கு எவ்வளவு நெருங்கியவர் ஆனாலும் அதுவே விதி. ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. அதிபர் அதன் தலைவர். ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோர் உறுப்பினர்கள். கல்லூரிக்கான செலவுகளை அதன் கணக்கினூடாகவோ, தாய்ச்சங்கத்தின் கணக்கினூடாகவோ செய்வதே முறை. கட்டடம் கட்டுவதற்கும் இடிப்பதற்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி தேவை. பொருளாகக் கொடுத்தால் அது பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் ஏறாத கணினி, அதிபர் மாறும்போது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

செலவுக்கான பற்றுச்சீட்டுகளின் நகலைக் கேட்பது அதிபரைச் சந்தேகிப்பதாகாது. நல்ல அதிபர்கள் நாம் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தாள் அவர்களுக்கும் காப்பு.

கட்டடம் கட்டலாமா, வேறு எதற்காவது கொடுக்கலாமா?

போரின்போது கூரை இழந்து, மதில் இழந்து நின்ற பாடசாலைகளுக்குக் கட்டடமே முதற்றேவையாக இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் யூனியன் கல்லூரியும் அவர்களோடு இடம்பெயர்ந்து வேறு இடங்களில் இயங்கின. பின்னர் சொந்த மண்ணுக்குத் திரும்பிய கல்லூரிகளை மீண்டும் நிமிர்த்தியதில் பழைய மாணவர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் காலத்தின் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. கிளையொன்று பணம் சேர்த்தால் உடனே மண்டபம், நுழைவாயில் வளைவு, பெயர்க்கல் என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

இதில் என் கருத்து உறுதியானது. மாணவர் தொகை குறைந்துவரும் கல்லூரியில் இன்னொரு மாடி எழுப்புவது பெரும்பாலும் வீண். திறப்பு விழாவுக்குப் பின்னர் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை நான் பார்த்திருக்கிறேன்; அவற்றுக்கு வெள்ளையடிக்கவும் மின்கட்டணம் செலுத்தவும் கல்லூரி தன் சிறிய நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே பணத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தந்தால் பலன் அதிகம். ஆய்வுகூட உதவியாளர் ஒருவரின் கொடுப்பனவு, தூர இடத்துப் பிள்ளைகளுக்கான போக்குவரத்து, காலை உணவு, பரீட்சைக் காலத்தில் மாலை வகுப்புக்கு வரும் ஆசிரியரின் செலவு ஆகியவற்றுக்குப் பெயர்க்கல் கிடையாது. அதனால் பணம் சேர்ப்பதும் கடினம். ஆனால் அதிபரிடம் தனியாக, மனம் விட்டுப் பேசும்படி கேளுங்கள். இவற்றில் ஒன்றைத்தான் முதலில் சொல்வார்.

ஒரேயொரு விலக்கு: கழிப்பறையும் குடிநீரும். பெண்பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் நாட்களுக்கு இவையும் ஒரு காரணம் என்பதை ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு யாரும் தயங்க வேண்டாம்.

மாணவர் தொகை குறைகிறதே, கிளையால் அதற்கு என்ன செய்ய முடியும்?

ஊர்க் கல்லூரியின் உயிர்ப் பிரச்சினை இதுதான். போரும் புலம்பெயர்வும் ஊர்களைக் காலியாக்கின, பிறப்பு குறைந்திருக்கிறது. எஞ்சிய குடும்பங்களிலும், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தும் பிள்ளை நகரத்துப் பெரிய கல்லூரிக்குப் போய்விடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் போனதும் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்தப் போதிய மாணவர் இல்லை. மாணவர் இல்லாததால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் அடுத்த ஆண்டு இன்னும் சிலர் போகிறார்கள்.

இந்தச் சுழற்சியை வெளிநாட்டுக் கிளை தனியாக நிறுத்த முடியாது. ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கலாம். தரம் 5இல் நல்ல புள்ளி பெற்றும் ஊர்க் கல்லூரியிலேயே ஆறாம் தரத்தில் சேரும் பிள்ளைக்கு உயர்தரம் முடியும்வரை தொடரும் மாதாந்த உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தலாம். ஏழு எட்டு ஆண்டுகள் தொடர்வதாக உறுதிகொடுத்தால்தான் பெற்றோர் நம்புவார்கள்; ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்தினால் பிள்ளை நடுவழியில் நிற்கும். அயலிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளோடு உறவு வைக்கலாம். தம் கல்லூரிக்கு நாளை வரப்போகும் பிள்ளைகள் இன்று அங்கேதான் எழுத்துப் படிக்கிறார்கள் என்பதைச் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. பக்கத்து ஊர்க் கல்லூரியின் சங்கத்தோடு சேர்ந்து உயர்தர வகுப்பை ஓரிடத்தில் நடத்துமாறு வலயத்தைக் கேட்கலாம். இதற்குப் பெருந்தன்மை வேண்டும், ஏனென்றால் மெய்வல்லுநர் போட்டிகளிலும் துடுப்பாட்டத்திலும் காலம் காலமாக மோதிய கல்லூரிகள் இவை.

வெளிநாட்டிலிருந்து இணையவழி வகுப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ரொறன்ரோ இலங்கையை விடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் மாரியில் பத்தரை மணித்தியாலமும் பின்தங்கியது; அங்கே காலை வேலைக்குப் புறப்படும் நேரத்தில்தான் இங்கே மாலை வகுப்பு நடக்கும். இலண்டன்காரருக்கு நண்பகல் ஒத்துவரும். சிட்னிக்காரருக்கு இலங்கையின் மாலை, இரவாகிவிடும். இலங்கையின் பாடத்திட்டமும் நாம் படித்ததல்ல. எனவே பாடம் நடத்துவதைக் கல்லூரியின் ஆசிரியரிடமே விட்டுவிட்டு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, தொழில்வாய்ப்பு பற்றிய உரையாடல், கணினிப் பயிற்சி ஆகியவற்றைக் கிளை எடுத்துக்கொள்வது நல்லது.

கொடுக்கும் பணத்துக்கு வரிச்சலுகை உண்டா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டும் அறப்பணி அமைப்பு அறக்கட்டளை ஆணைக்குழுவில் பதிய வேண்டும். வருமான வரித் திணைக்களத்தின் அங்கீகாரமும் பெற்றுவிட்டால், வரி செலுத்தும் உறுப்பினர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அரசிடமிருந்து கேட்டுப் பெறலாம். ஒரு சிறிய கிளைக்கு இது நான்கில் ஒரு பங்கு கூடுதல் வருமானம். இருந்தும் அதற்கான படிவத்தை நிரப்பாத கிளைகள் இருக்கின்றன.

கனடாவில் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனமாகப் பதிவதும் பதிவுபெற்ற அறக்கட்டளையாக ஆவதும் இருவேறு விடயங்கள். இரண்டாவதுதான் வரிப் பற்றுச்சீட்டு வழங்கலாம். வெளிநாட்டுப் பாடசாலைக்குப் பணம் கொடுப்பதற்கான விதிகள் 2022இல் ஓரளவு இலகுவாக்கப்பட்டன. ஆனாலும் பணம் எதற்குச் செலவானது என்பதற்கு ஆவணம் வைத்திருக்க வேண்டும். உங்கள் நகரத்துக் கணக்காளர் ஒருவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நிலையான வைப்பில் பணத்தைப் போட்டு வட்டியைக் கல்லூரிக்குக் கொடுப்பது நல்லதா?

நல்ல எண்ணம், ஆனால் எந்த நாணயத்தில் என்பதைச் சிந்திக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. அதற்கு முன்னர் ரூபாவில் வைத்திருந்த நிதியின் பெறுமதி பாதியளவுக்குச் சரிந்தது. பின்னர் வைப்பு வட்டி 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. உயர்ந்த வட்டியை நம்பி உதவித்தொகைகளை அறிவித்துவிட்டால், இறங்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. முதலின் ஒரு பகுதியைக் கிளை இருக்கும் நாட்டிலும் ஒரு பகுதியை இலங்கையிலும் வைத்திருப்பதும், வட்டியில் சிறிதை ஒவ்வோர் ஆண்டும் முதலோடு சேர்ப்பதும் பொருத்தமான வழி.

உதவி பெறும் பிள்ளைகளின் படங்களை நமது விழா மலரில் போடலாமா?

வேண்டாம். காசோலையைப் பிடித்தபடி ஒரு சிறுமி நிற்கும் படம் கொடுத்தவருக்கு நிறைவு தரலாம். அந்தச் சிறுமி நாளை அதே ஊரில், அதே வகுப்பில் இருக்க வேண்டும். யாருக்கு உதவி கிடைக்கிறது என்பது அதிபருக்கும் ஒரு சிறு குழுவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கிளைக்குப் பிள்ளைகளின் பாடசாலை வரவுப் பதிவும் பெறுபேற்றின் சுருக்கமும் பெயரின்றி வரட்டும். இந்த ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கும் கிளைக்கு நான் பணம் தருவதில்லை.

புலம்பெயர் நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

அப்பாவின் கல்லூரிக் கீதத்தை ஆண்டுக்கொருமுறை விருந்தில் எழுந்துநின்று கேட்பதால் மட்டும் அவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும். வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியின் பெயரில் பிரித்தானியாவில் நடத்தப்படும் கணிதப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊரோடு தொடர்பே இல்லாத தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் பங்குபற்றுகிறார்கள். ஓர் ஊர்க் கல்லூரியின் பெயர் இங்கிலாந்தில் பிறந்த பிள்ளையின் வாயில் இயல்பாக வருகிறது. கோடை விடுமுறைக்கு ஊர் போகும் பதின்ம வயதினர் இரண்டு வாரம் கல்லூரி நூலகத்தை ஒழுங்குபடுத்துவதும், அங்குள்ள மாணவரோடு கரப்பந்து ஆடுவதும் அதே வகையைச் சேர்ந்தவை. போவதற்கு முன்னர் அதிபரின் சம்மதத்தையும் பாடசாலைத் தவணை நாட்களையும் கேட்டறிவது அவசியம்.

எட்டாம் வகுப்பு வரைதான் அங்கே படித்தேன். சேரலாமா?

சேரலாம். இடம்பெயர்வினால் ஐந்து பாடசாலைகளில் படித்தவர்கள் நம்மில் ஏராளம். ஒரு தவணை படித்தவரையும் ஏற்கும்படி யாப்பு இருப்பதே முறை. அங்கே கற்பித்தவர்களையும், படித்தவர்களின் வாழ்க்கைத் துணைவரையும் இணை உறுப்பினராகச் சேர்க்கும் கிளைகள் நன்றாகவே நடக்கின்றன.

ஒரே நகரத்தில் கிளை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கல்லூரி யாரோடு தொடர்பு கொள்ள வேண்டும்?

இருவரோடும். அதிபர் ஒரு பக்கம் சாயக் கூடாது. தேவைப் பட்டியலை இரு தரப்புக்கும் ஒரே நாளில் அனுப்பி, இருவரிடமும் பற்றுச்சீட்டுப் பெற்று, இருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதினால் போதும். பிளவுகள் பெரும்பாலும் பதவிக் காலத்தைப் பற்றியவை. ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒரே பதவியில் இருக்க முடியாது என்று யாப்பில் எழுதப்பட்டிருந்தால் பாதிச் சண்டைகள் வந்திருக்க மாட்டா.

எங்கள் நகரத்தில் கிளை இல்லை. எப்படித் தொடங்குவது?

ஏழெட்டுப் பேர் போதும். மண்டபம் எடுக்கவோ, இலச்சினை வரையவோ, விருந்துக்கு நாள் குறிக்கவோ முன்னர் அதிபருக்கும் தாய்ச்சங்கச் செயலாளருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நாங்கள் இத்தனை பேர் இங்கே இருக்கிறோம், மாதம் இவ்வளவு எங்களால் தர முடியும், இவ்வளவு காலத்துக்குத் தர முடியும், கல்லூரிக்கு இப்போது எது தேவை என்று கேளுங்கள். தொகையைக் குறைத்தே சொல்லுங்கள். ஐந்து ஆண்டு தொடரக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். பதில் வந்த பின்னர் அந்தப் பட்டியலிலிருந்து மிகச் சிறியதை எடுத்து, ஒரு தவணைக்குள் முடித்துக் கொடுங்கள். யாப்பும் பதிவும் வங்கிக் கணக்கும் அதற்கிடையே நடக்கட்டும். முதலாவது பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் வைப்பதற்கு அந்தச் சிறிய வேலையின் கணக்கும் பற்றுச்சீட்டும் உங்கள் கையில் இருக்கும்.